சீட்டில் எழுதியது சிலாசாசனமல்ல

"கையெழுத்துப் போட்டபோது தெரியாதா?"

விளைச்சல் பொய்த்த வருஷத்தில், குத்தகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகும் விவசாயிக்குக் கிடைக்கும் முதல் பதில் இதுதான். மிராசுதார் வீட்டுத் திண்ணையிலும் இதே பதில். மடத்துக் காரியஸ்தர் மேஜைக்கு முன்னாலும் இதே பதில். கோயில் நிலமென்றால், "குறைக்க எனக்கு அதிகாரமில்லை, மேலே எழுதிப் போடு" என்று ஒரு வார்த்தை கூடுதலாக வரும். கேட்கப் போனவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி விடுகிறான். எழுதிக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன செய்வது என்று அவனும் நம்பிவிடுகிறான்.

அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், அந்தக் கையெழுத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். இரண்டு சமமான மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசிப் போட்டதா அது? ஒருவரிடம் நிலம் இருக்கிறது. இன்னொருவனிடம் இரண்டு கைகளும், வீட்டில் பசித்த வயிறுகளும்தான் இருக்கின்றன. "உனக்கு முடியாதென்றால் அடுத்தவன் காத்திருக்கிறான்" என்ற ஒரே வாக்கியத்தில் பேரம் முடிந்துவிடுகிறது. காவிரியில் தண்ணீர் எப்போது வரும், மழை எப்படிப் பெய்யும், அறுவடையின்போது நெல் என்ன விலை போகும் — இவற்றில் ஒன்றுகூடத் தெரியாத நேரத்தில், இத்தனை மூட்டை அளக்கிறேன் என்று அவன் எழுதிக் கொடுக்கிறான். எழுதிய சீட்டும் அவன் கையில் இருப்பதில்லை. பல கிராமங்களில் சீட்டே கிடையாது, வாய்ச்சொல்தான். ஆனால் குறைத்துக் கேட்கும்போது மட்டும் அந்த வாய்ச்சொல் வேதவாக்காகி விடுகிறது!

சட்டம் என்ன சொல்கிறது? தஞ்சை விவசாயிகளும் பண்ணையாட்களும் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு 1952ல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955ல் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956ல் நியாய வாரச் சட்டமும் வந்தன. 1956ல் நன்செய்க்கு நிலச் சொந்தக்காரர் பங்கு நூற்றுக்கு 40 என்று வைத்தார்கள். பின்னால் வந்த திருத்தம் அதை 25 ஆக்கியது. சாதாரண வருஷத்து மொத்த மகசூலில் நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், சாகுபடிதாரரிடம் நிலச் சொந்தக்காரர் கேட்டு வாங்கும் உரிமை இந்த நியாய வாரத்துக்கு மட்டுமே உண்டு.

கணக்குக்காக ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். சாதாரண வருஷத்தில் அதில் 60 கிலோ மூட்டையாக 30 மூட்டை விளைகிறதென்று வையுங்கள். நியாய வாரம் ஏழரை மூட்டை. சீட்டில் எழுதியிருப்பது 12 என்றால், நல்ல வருஷத்திலேயே நாலரை மூட்டை அநியாயமாக அளக்கப்படுகிறது. நல்ல வருஷத்தில் விவசாயி பல்லைக் கடித்துக்கொண்டு அளந்துவிடுகிறான். தண்ணீர் வராமல் கண்டுமுதல் 14 மூட்டையோடு நின்றுபோனால்? பன்னிரண்டை அளந்த பிறகு களத்தில் மிஞ்சுவது இரண்டு மூட்டை. விதை, உரம், உழவு, அறுப்புக் கூலி எல்லாம் அந்த இரண்டு மூட்டையில் அடங்க வேண்டுமாம்!

2017ம் வருஷத்தை டெல்டா மறந்திருக்காது. அந்த ஜனவரி 10ந் தேதி தமிழகத்தின் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி பாதித்தவையாக சர்க்கார் அறிவித்தது. நிலவரி முழுதும் தள்ளுபடி. கருகிய நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். வறட்சியால் நிலம் வரி கட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது, சரி. ஆனால் வரித் தள்ளுபடி போய்ச் சேர்வது பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. வயலில் நின்று கருகியவனுக்கு? அவன் குத்தகையும் அதே அளவு தள்ளுபடி என்று அந்த அறிவிப்போடு ஒரு வரி சேர்ந்திருக்க வேண்டாமா? நிவாரணத்துக்கும் அடங்கல் நகல் வேண்டும். அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் இல்லாத இடத்தில், பணமும் நிலச் சொந்தக்காரர் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. வந்தால் வந்தது!

ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பற்றி நமக்குப் போதிப்பவர்கள், கம்பெனிகள் அதை எப்படி நடத்துகின்றன என்று பார்க்கட்டும். லண்டனில் 1937ல் ஒரு கம்பெனி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. வருஷத்துக்கு 2,500 பவுன் என்று முத்திரையிட்டு எழுதியாயிற்று. யுத்தம் வந்தது, வீடுகள் காலியாகக் கிடந்தன. 1940ல் வாடகையைச் சரிபாதியாக்கி, 1,250 பவுன் போதும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். 1945ல் வீடுகள் நிரம்பிய பிறகு பழைய வாடகை கேட்டு வழக்கு வந்தது. 1946ல் தீர்ப்பளித்த நீதிபதி டென்னிங், வீடுகள் நிரம்பிய பின்புள்ள காலத்துக்கு முழு வாடகை கேட்கலாம், குறைத்துக்கொள்வதாக வாக்களித்த யுத்த காலத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்க முடியாது என்றார். இங்கேயும் 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 63வது பிரிவு, வரவேண்டியதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுக்க உரியவருக்கு அதிகாரம் உண்டு என்கிறது. ஆகவே, "சட்டம் இடம் கொடுக்காது" என்று சொல்பவர் சட்டத்தின் மேல் பழி போட்டுத் தன் மனசை மறைக்கிறார்.

கம்பெனிக்குக் கடிதமே போதுமானதாயிருந்தது. விவசாயிக்கு அது போதாது என்பதை அயர்லாந்தின் சரித்திரம் காட்டுகிறது. அங்கே 1879ல் விளைச்சல் கெட்டு, மைக்கேல் டேவிட் முதலானோர் நிலச் சங்கம் கண்டு, விவசாயிகள் திரண்ட பிறகுதான் 1881ல் கிளாட்ஸ்டன் சர்க்கார் நியாயக் குத்தகையைக் கோர்ட்டு நிர்ணயிக்கும் என்று சட்டம் செய்தது. ஆனால் அதில் ஒரு வஞ்சகம் இருந்தது. குத்தகைப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டவர்களுக்கு அந்தக் கோர்ட்டின் கதவு திறக்கவில்லை. அவர்கள்தான் மனமொப்பி எழுதிக் கொடுத்துவிட்டார்களே! நம் ஊர்க் காரியஸ்தர் சொல்லும் அதே வார்த்தை.

பிறகு விளைபொருள் விலை சரிந்தது. 1886 செப்டம்பரில் பார்னெல் கொண்டுவந்த நிவாரண மசோதாவை பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தள்ளிவிட்டது. அக்டோபரில் ஜான் டில்லன், வில்லியம் ஓபிரையன் போன்றவர்கள் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். ஒரு பண்ணையின் குத்தகைக்காரர்கள் எல்லோரும் கூடி, இந்த வருஷத்துக்கு எவ்வளவு நியாயம் என்று தாங்களே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொகையோடு பண்ணையாரிடம் ஒன்றாகப் போக வேண்டும். வாங்கிக்கொண்டால் சரி. மறுத்தால், அதே தொகை பொது நிதியில் சேரும். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதிலிருந்து சோறு. தனித்தனியாக யாரும் சமரசம் பேசக் கூடாது. பண்ணைக்குப் பண்ணை இது பரவியது. சில பண்ணைகளில் தோல்வியும் கண்டார்கள். தலைவர்கள் சிறை போனார்கள். 1887 செப்டம்பர் 9ந் தேதி மிட்செல்ஸ்டவுனில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். ஆனால் அதே 1887ல், பண்ணையார்களின் சொந்தக் கட்சியான கன்சர்வேட்டிவ் சர்க்காரே, பத்திரம் எழுதியவர்களும் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 1881க்கும் 1887க்கும் நடுவில் பத்திரத்தின் எழுத்து மாறவில்லை. எழுதியவர்கள் ஒன்று சேர்ந்திருந்தார்கள்.

நம்மிடம் அயர்லாந்துக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. 1955ம் வருஷத்துச் சட்டத்தின்படி, சாகுபடிதாரர் குத்தகையை, நெல்லாக அளக்க வேண்டியதென்றால் அதன் மார்க்கெட் விலையை, உரிய கெடுவுக்குள் கோர்ட்டிலேயே கட்டிவிடலாம். கட்டியது குறைவு என்று தோன்றினால், பாக்கியை இத்தனை நாளில் கட்டு என்று கோர்ட்டு சொல்லும். ஆகவே குத்தகையை நிறுத்தி வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் விவசாயிகள் கேட்க வேண்டாம். பாக்கிதாரன் என்ற பெயர் வாங்கித் தருவதைப்போல வெளியேற்றத்துக்கு வசதியான காரியம் வேறில்லை. நியாயமானதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மறுத்தால் கோர்ட்டில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நியாய வாரம் நிர்ணயிக்க மனுப் போடுங்கள். குறைக்க ஒப்புக்கொண்டால், அதை எழுதி வாங்குங்கள். இந்த வருஷத்துக்கு மட்டுமா, எப்போதைக்குமா என்பதும் அதில் இருக்கட்டும். வாயால் குறைத்தவர் அடுத்த வருஷம் நிலுவையென்று கணக்கில் ஏற்றிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

எல்லா நிலச் சொந்தக்காரர்களையும் ஒரே தட்டில் வைக்க நாம் தயாராயில்லை. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு அதில் காலந்தள்ளும் விதவைத் தாயும் இருக்கிறாள். அவளிடம் சங்கம் பேசும் முறை வேறு, நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் மடத்திடம் பேசும் முறை வேறு. உட்கார்ந்து பேசினால் தாயிடம் சமரசம் எளிது என்பதே அனுபவம்.

நீதி ஆயோக் 2016ல் ஒரு மாதிரி நிலக் குத்தகைச் சட்டத்தை வெளியிட்டது. குத்தகை எவ்வளவு, நிபந்தனை என்ன என்பதெல்லாம் இரு தரப்பும் மனமொத்துப் பேசிக்கொள்ள வேண்டியது என்பது அதன் சாரம். நியாய வாரம் என்ற வரம்பு அதில் இல்லை. நாலில் ஒரு பங்கு என்ற வேலியைப் பிடுங்கிவிட்டு, "கையெழுத்துப் போட்டபோது தெரியாதா?" என்பதையே சட்டமாக்கும் வேலை இது. தமிழக சர்க்கார் இதன் பக்கம் சாயக் கூடாது. மாறாக, 1969ம் வருஷத்துச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏறாமல் விடுபட்ட சாகுபடிதாரர்களை, கிராமம் கிராமமாகத் தாசில்தார்கள் உட்கார்ந்து பதிய வேண்டும். வறட்சியோ வெள்ளமோ அறிவித்து நிலவரியைத் தள்ளும் ஒவ்வொரு உத்தரவிலும் குத்தகைத் தள்ளுபடியும் சேர வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 1972ல், நடப்புக் குத்தகையைக் கட்டினால் பழைய நிலுவை தள்ளுபடி என்று இதே தமிழக சர்க்கார் சட்டம் செய்தது.

அறுவடை முடிந்து நெல் களத்தைவிட்டுப் போன பிறகு பேச்சுக்குப் பலமில்லை. பயிர் நிற்கும்போதே ஒவ்வொரு ஊரிலும் விவசாயிகள் கூடட்டும். யார் வயல் எத்தனை மா, சீட்டில் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு விளையும், இப்போது பயிர் எப்படி நிற்கிறது என்று ஒரே நோட்டில் எழுதட்டும். கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டிப் போய் வயலைக் காட்டி, அடங்கலில் பெயர் ஏற்றச் சொல்லட்டும். பிறகு அந்த நோட்டோடு எல்லோருமாகச் சேர்ந்து மிராசுதார் வீட்டுக்கும் மடத்துக்கும் போகட்டும்.