இயந்திரக் கையும் பெனிசிலின் ஊசியும்

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குச் செல்லும் பஸ்ஸில் அண்மையில் ஒரு தாயின் அருகே அமர நேர்ந்தது. பேசாலையில் ஏறியவர். அவர் தோளில் சாய்ந்திருந்த மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நான் பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, இந்தியாவிலை மெசின் ஒண்டு நெஞ்சைப் பிளக்காமலே இருதய வால்வைத் தைச்சுக் குடுக்குதாமே, உண்மையோ?"

உண்மைதான். 1998 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் அலேன் கார்ப்பாந்தியே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 'டா வின்சி' இயந்திரத்தின் முன்மாதிரியைக் கொண்டு மைட்ரல் வால்வைச் செப்பனிட்டுக் காட்டினார். 2002 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்முறைக்கு அனுமதி வழங்கியது. தில்லியிலும் 2000களின் தொடக்கத்திலேயே இதய சத்திரசிகிச்சைக்கு ரோபோ வந்துவிட்டது. மார்பெலும்பை அறுப்பதில்லை; விலா எலும்புகளுக்கிடையே இடப்படும் சிறு துளைகளினூடாகக் கருவிகள் செல்கின்றன. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் நிபுணரே அவற்றை இயக்குகிறார். இயந்திரம் தானாக எதையும் செய்வதில்லை. அது மனிதக் கையின் நீட்சி, அவ்வளவே.

ஆனால் அந்தத் தாய்க்கு இதைச் சொல்லி நிறுத்திக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை. ரோபோவால் செப்பனிடப்படுபவை பெரும்பாலும் வயதாலும் தளர்ச்சியாலும் பழுதடைந்த வால்வுகள். இச்சிறுமிக்கு வந்ததோ வாதக்காய்ச்சல். கவனிக்காது விட்ட தொண்டைப்புண்ணில் தொடங்கி, மூட்டுகளை வீங்கச் செய்து, இறுதியில் வால்வைத் தடிப்பேற்றிச் சுருக்கிவிடும் நோய் அது. முற்றிவிட்ட அத்தகைய வால்வைச் செப்பனிடுவது தேர்ந்த கைகளுக்கே கடினம். அப்போது செயற்கை வால்வு பொருத்துவார்கள். உலோக வால்வாயின் ஆயுள் முழுவதும் வோர்ஃபரின் மாத்திரையும் ஓயாத இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கருவுறும் காலத்தில் அம்மாத்திரையே சிசுவுக்கு ஆபத்தாகலாம். கடற்கரைக் கிராமமொன்றில் வளரும் பெண் பிள்ளைக்கு இது எத்தகைய வாழ்க்கை?

ஆகவே வால்வு முற்றுமுன் காப்பதே அறிவுடைமை. அதற்கான மருந்து மலிவானது: மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை ஒரு பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டேன். "மாரியிலை ரெண்டு தரம் விட்டுப்போச்சு ஐயா. அவர் கடலுக்குப் போக ஏலாத நாளிலை பஸ்ஸுக்கும் காசில்லை" என்றார்.

உலகம் வியக்கும் இயந்திரத்திற்கும் தவறிய இரண்டு ஊசிகளுக்கும் இடையில்தான் நமது மருத்துவக் கொள்கை நிற்கிறது. ரோபோ வேண்டாம் என்று வாதிடுபவனல்லன் நான். இலங்கைக்கும் அது தேவை, வரவேற்போம். ஆயினும் அதன் பின்னால் இதய நுரையீரல் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்த வங்கியும் அணிவகுத்து நிற்க வேண்டும். கொழும்பு மன்னாரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவு. அங்கு வரும் இயந்திரம் பேசாலைச் சிறுமியை எட்டுவதற்குள் அவளது வால்வு கல்லாகிவிடக் கூடாதல்லவா?

வாதக்காய்ச்சலையும் அதனால் வரும் இதய நோயையும் ஒழிக்க முனையுமாறு உலக சுகாதாரப் பேரவை 2018 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய எக்கோ கருவிகள் இன்று உள்ளன. அவை பேசாலைக்கும் முருங்கனுக்கும் சிலாவத்துறைக்கும் செல்லட்டும். ஊசி தவறிய பிள்ளையைத் தேடி ஒரு தாதி வீட்டுப் படலையைத் தட்டட்டும். தொண்டைநோவோடு வரும் மாணவரை வைத்தியரிடம் அனுப்ப ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

இதற்கு ரோபோ வேண்டியதில்லை. நாள் தவறாது வரும் ஒரு மனிதக் கை போதும். அந்தக் கையை மன்னாருக்குத் தர நமது அரசாங்கங்களுக்கு இன்னும் எத்தனை மாரி வேண்டும்?