பேனாவைப் பறிப்பதா?

எழுதும் பேனாவைப் பிடித்தறியாத பாட்டாளிகள் பலருடைய பையிலே இன்று ஒரு பேனா இருக்கிறது. எழுதுவதற்கன்று, உயிரோடிருப்பதற்கு! நீரிழிவு நோய் கொண்டோர் தமக்குத் தாமே இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் பேனா அது. அந்தப் பேனாவின்மீதுதான் இப்போது வணிகக் கோமான்களின் கை விழுந்திருக்கிறது.

டென்மார்க் நாட்டு நோவோ நார்டிஸ்க் கம்பெனி, மனித இன்சுலினைப் பேனாவிலே அடைத்து விற்பதைப் படிப்படியாக நிறுத்துவதெனத் தீர்மானித்தது. 2024-ல் தென்னாப்பிரிக்கா அந்த அடியைத் தாங்கிற்று. அரசு மருத்துவமனைகளிலே 2014 முதல் ஏழைகளுக்குக் கிடைத்து வந்த பேனா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கம்பெனி முன்வராததால் கைநழுவிற்று. மக்கள் பழையபடி குப்பிக்கும் ஊசிக்கும் திரும்பினர். 2025-ல் இந்தியாவுக்கும் ஓலை வந்தது. மிக்ஸ்டார்ட், ஆக்ட்ராபிட், இன்சுலடார்ட் ஆகியவை இனிக் குப்பியிலே கிடைக்கும், பேனாவிலே கிடைக்காது என்றனர்.

"குப்பியிலே கிடைக்கிறதே, பிறகேன் கூச்சல்?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். பதில் நம்மிடம் இருக்கிறது.

பேனா என்றால், எண்ணைத் திருப்பி, தோலிலே குத்தி, பொத்தானை அழுத்தினால் போதும். பஸ் நிலையத்தின் ஓரத்திலே நின்றுகூட முடித்துக்கொள்ளலாம். குப்பியோ அப்படியல்ல. ஊசியிலே காற்றிழுத்துக் குப்பிக்குள் செலுத்த வேண்டும். மருந்தை உறிஞ்ச வேண்டும். குமிழியை நீக்க வேண்டும். மயிரிழைபோன்ற கோட்டைக் கண்ணால் அளக்க வேண்டும். நீரிழிவு மங்கச் செய்வதும் அந்தக் கண்ணைத்தானே! பொது இடத்திலே ஊசியும் கையுமாக நிற்பவனை, போதை ஊசிக்காரனோ என்று ஊர் பார்க்கும் பார்வை வேறு. அந்தப் பார்வைக்கு அஞ்சி ஊசியைத் தள்ளிப்போடுவான். தள்ளிப்போட்ட ஊசி தவறிப்போகும். தவறிய ஊசிகள் சேர்ந்து சிறுநீரகத்தையும் காலையும் கேட்கும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நம் நாட்டுக் குப்பியிலே ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். பேனாக் குழலிலே 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பேனாவிலிருந்து குப்பிக்கு மாறியவர் தெரியாமல் ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கிவிட்டால், 20 யூனிட் என்றெண்ணிப் போடுவது உள்ளே 8 யூனிட்டாகத்தான் போய்ச் சேரும். மிச்சமிருந்த பேனாக் குழலிலிருந்து சிவப்பு மூடி ஊசியால் உறிஞ்சினாலோ, 20 என்று போட்டது 50 ஆகிவிடும்! சாரத்தின்மீது நின்று பூச்சுவேலை செய்பவருக்கு அப்படிச் சர்க்கரை சரிந்தால் என்னாகும்? லாரி ஓட்டுபவருக்குச் சரிந்தால் என்னாகும்? சொல்லவும் வேண்டுமோ!

ஏன் இந்த மாற்றம்? தென்னாப்பிரிக்காவைப் பற்றிக் கேட்டபோது, உற்பத்தித் திறன் போதவில்லை என்றது கம்பெனி. ஆனால் 2025 ஜூனிலே, உடல் எடையைக் குறைக்கும் 'வீகோவி' என்ற மருந்தை அதே கம்பெனி இந்தியாவிலே விற்பனைக்குக் கொண்டுவந்தது. எதிலே? பேனாவிலே! பருத்த உடல் இளைக்க மருந்து வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இளைத்த உடல் பிழைக்கும் மருந்துக்குப் பேனா இல்லையா என்றுதான் கேட்கிறோம்.

வரலாற்றையும் சற்றுப் புரட்டுவோம். 1921-ல் கனடாவின் டொரோண்டோ நகரிலே பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியிலே, சாவின் வாயிலிலே கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு அது உயிர்ப்பிச்சை தந்தது. கண்டவர்கள் கோடீசுவரர்களாகியிருக்கலாம். உரிமையையோ, தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள்! டென்மார்க்கிலிருந்து வந்த ஆகஸ்ட் குரோக் என்ற அறிஞர், தம் மனைவியே நீரிழிவு நோயாளி என்பதால், டொரோண்டோ சென்று, தம் நாட்டிலே இன்சுலின் செய்ய அனுமதி பெற்றுத் திரும்பினார். அந்த அனுமதியில் முளைத்த விதையே இன்றைய நோவோ நார்டிஸ்க். கொடையிலே பிறந்த கம்பெனி, இன்று கொள்ளும் விலையைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது!

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டிலே நீரிழிவு நோயினர் 10 கோடிக்கு மேல் என்றது. அவர்களில் இன்சுலினை நம்பி வாழ்வோரை ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு விட்டுவிடலாமா? மனித இன்சுலினை இந்தியாவிலேயே செய்யும் பயோகான், வொக்கார்ட் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அரசுகள் மொத்தமாக வாங்கி, அரசு மருத்துவமனைகளிலும் தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனைகளிலும் பேனாவாகவே வழங்கட்டும். குப்பிக்கு மாற்றப்படுவோர் ஒவ்வொருவருக்கும் ஊசியின் நிறத்தையும் அளவையும் கையிலே கொடுத்துக் கற்பிக்கட்டும்.

தோழர்களே! தொழிற்சங்கங்களுக்கும் இதிலே கடமை உண்டு. இன்சுலின் ஏற்றியவன் வேளையோடு உண்டாக வேண்டும். ஆகவே உணவு இடைவேளையைத் தள்ளிப்போடும் மேஸ்திரியும் மேலாளரும் அவன் உயிரோடு விளையாடுகிறார்கள். ஊசி போட ஒரு மறைவிடம், மருந்து வைக்க ஒரு குளிர்ந்த இடம், உண்ண உரிய நேரம்: இவை கூலி உயர்வுக் கோரிக்கையின் பக்கத்திலே எழுதப்பட வேண்டியவை.

உங்கள் பங்குக்கு நீங்களும் செய்யுங்கள். மருத்துவரைக் கேளாமல் ஊசியை நிறுத்தாதீர்கள். ஒரே இடத்திலே குத்தாதீர்கள். சட்டைப் பையிலே சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி வாயிலிடுங்கள். உடன் வேலை செய்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நோயைப் பேணுவது நோயாளியின் கடமை என்கிறார்கள். ஒப்புகிறோம். பேணுவதற்கான கருவியைப் பறித்துக்கொண்டு கடமையைப் பற்றிப் பேசுவோரைத்தான் ஒப்பமாட்டோம்!