ஒரு மக்கட்பெயர் வசைச்சொல்லான கதை

அணுகுண்டு செய்தோ, அண்டை நாட்டின்மீது படையெடுத்தோ உலகின் பகையைத் தேடிக்கொண்ட அரசை ஆங்கில ஏடுகள் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர் சிலரும் இச்சொல்லைக் கூச்சமின்றிக் கையாளுகிறார்கள். இது தகாது என்பதே நம் வாதம்.

'பரையா' நம்மிடமிருந்து போன சொல். பறை என்னும் தோற்கருவியின் அடியாகப் பிறந்தது என அகராதிகள் கூறும் 'பறையர்' என்ற மக்கட்பெயர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் 'ஒதுக்கப்பட்டவர்' எவருக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. வெள்ளையர் நம் தெருநாயைப் 'பரையா டாக்' என்றனர். செம்பருந்தைப் 'பிராமினி கைட்' என்றும் கரும்பருந்தைப் 'பரையா கைட்' என்றும் அழைத்தனர். வானில் பறக்கும் பருந்துக்கும் சாதி பார்த்த அகராதி அது!

சொற்கள் பொருள் மாறுவது இயல்பு, இன்று யார் மூலத்தை நினைக்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்கலாம். லண்டனில் இருப்பவர் நினைக்காமல் இருக்கலாம். தமிழறிந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்பெயரைத் தாங்கிய மக்கள் நம் ஊர்களில் வாழ்கிறார்கள். அப்பெயரையே வசையாக வீசும் வாய்களும் நம் ஊர்களில்தான் இருக்கின்றன.

இதனினும் கொடியது அந்த உவமையில் ஒளிந்திருக்கும் தீர்ப்பு. 'பரையா' எனப்படும் அரசு ஏதோ குற்றம் செய்து ஒதுக்கப்பட்டது. இம்மக்கள் செய்த குற்றம் என்ன? குற்றம் ஒதுக்கியவர்களுடையது. ஆங்கில வழக்கோ ஒதுக்கப்பட்டவரின் பெயரைக் குற்றவாளிக்குச் சூட்டுகிறது.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவென்று எறியப்பட்டதைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்ட செயல் அது. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் இடம்பெற வழிசெய்தார். ஒருவர் பெயரை ஏந்தினார்; மற்றவர் மாற்றினார். தம் பெயரைப் பற்றி முடிவுசெய்யும் உரிமை தமக்கே என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அந்த உரிமையைத்தான் இந்த ஆங்கிலச் சொல் இன்றும் மறுக்கிறது.

அகராதியிலிருந்து இதை நீக்கச் சொல்லவில்லை. வரலாற்றுக்குச் சாட்சியாக அது அங்கே கிடக்கட்டும். விலக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'அவுட்காஸ்ட்' உண்டு, 'எக்ஸைல்' உண்டு. சொல்வளத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ் தெரிந்தும் ஒருவர் 'பரையா' என்று எழுதினால், அதை மொழிநடை என்று நம்மால் ஏற்க இயலாது.