அபராதம் ஓட்டுநருக்கு மட்டுமா?

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பத்திரமாக இறங்கிய லாரி, கீழே சோதனையில் நின்றுவிடுவதுண்டு. லைசென்ஸ், இன்சூரன்ஸ், அதிக பாரம் ஆகியவற்றை யாவரும் அறிவோம். அதிகம் பேசப்படாத மூன்று குறைகளை இங்கே நினைவூட்டுகிறோம்.

முதலாவது, எடை சரியாக இருந்தும் மூட்டைகள் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. ஏலக்காய் எடை குறைந்த, இடம் அடைக்கும் சரக்கு; இந்தத் தவறு எளிதில் நேரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி இதற்கு அபராதம் 20,000 ரூபாய். இறக்கு கூலி தனி.

இரண்டாவது, எடை போடச் சொன்னால் மறுப்பது, அல்லது எடை போடுமுன் சில மூட்டைகளை இறக்கிவிடுவது. இதற்கு 40,000 ரூபாய்.

மூன்றாவது, வழியில் லாரி மாறியும் இ-வே பில்லில் புதிய எண்ணைப் பதியாதது. எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை என்றால் 1,000 ரூபாயோடு விடலாம் என்கிறது 2018 செப்டம்பர் சுற்றறிக்கை. லாரியே வேறு என்றால் சரக்கையே நிறுத்தி வைக்கலாம். 10 லட்சம் ரூபாய் ஏலக்காய்க்கு 5 சதவீத வரி 50,000 ரூபாய். அபராதம் அதன் இருமடங்கு, ஒரு லட்சம்.

பாரம் நீட்டியிருந்தால் ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் சட்டப்படி பொறுப்பாளி. மூட்டை ஏறுவது நமது கிட்டங்கியில். பில் போடுவது நமது கணக்கர். பிறகு அபராதத்தை ஓட்டுநரின் பேட்டாவில் பிடிப்பது நியாயமன்று. லாரி புறப்படுமுன் கட்டுமானத்தையும் பில்லையும் ஒருமுறை நாமே பார்த்து அனுப்புவோமாக.