உப்புக்காற்றும் ஊர்தி விளக்கும்

இரவில் சாலையில் செல்லும் ஊர்தியின் விளக்குக்கு இரண்டு கடமைகள் உள்ளன. ஓட்டுநருக்கு வழியைக் காட்டுவது ஒன்று. அவ்வழியே வரும் பிறருக்கு ஊர்தியின் இருப்பை அறிவிப்பது மற்றொன்று. முன்னது பழுதுபட்டால் ஓட்டுநர் அன்றிரவே உணர்ந்து மறுநாள் பணிமனையை நாடுவார். பின்னது பழுதுபட்டாலோ, அதனால் தமக்கு எவ்வித இடையூறும் நேராமையால், அவர் மாதக்கணக்கில் அறியாமலே இருந்துவிடுவார். அணைந்த பின்விளக்கால் துன்புறுபவர் எப்போதும் வேறொருவரே. தமக்குத் தேவைப்படாத ஒன்றைப் பிறர்பொருட்டுப் பேணுமாறு மாந்தரைக் கடமைப்படுத்த வேண்டியிருப்பதால்தான், ஊர்திகளைக் குறித்த காலந்தோறும் ஆய்ந்து தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது.

வழியிற் செல்லும் வண்டி பழுதற்றதாய் இருக்கவேண்டும் என்னும் உணர்வு இந்நாட்டிற்குப் புதியதன்று. உப்பு ஏற்றிச் சென்ற உமணர், மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறியக்கூடும் என்பதை முன்னரே எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைப் பிணைத்துச் சென்றதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று நமக்கு அறிவிக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் மாட்டு வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே சென்றது. விளக்கின்றி மிதிவண்டி ஓட்டியவரைக் காவலர் தெருமுனையில் நிறுத்தித் தண்டம் விதித்தனர். மணிக்கு ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கே விளக்கு இன்றியமையாதது என்று கருதிய சமுதாயம், எண்பது கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டியின் விளக்கைப் பொருட்படுத்தாமல் விடுவது வளர்ச்சியாகாது.

விளக்கின்மையின் விலை என்ன என்பதை ஒரு நாடு தன் குருதியாலேயே அளந்து பார்த்ததுண்டு. 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது பிரிட்டன் தன் தெருவிளக்குகளை அணைத்து ஊர்திகளின் முகப்பு விளக்குகளுக்கும் முகமூடியிட்டது. 1938இல் 6,648 ஆக இருந்த சாலைச் சாவுகள் 1939இல் 8,272 ஆகவும் 1941இல் 9,169 ஆகவும் உயர்ந்தன. எரிபொருள் பங்கீட்டால் ஊர்திகளின் ஓட்டம் குறைந்திருந்தும் இவ்வாறு நேர்ந்தது. அதே நாடு 1960இல் பழைய ஊர்திகளுக்குக் கட்டாய ஆய்வைக் கொண்டுவந்தபோது, எத்தனையோ உறுப்புகளுக்கு நடுவே தடை (பிரேக்), திருப்பி (ஸ்டீயரிங்), விளக்கு ஆகிய மூன்றை மட்டுமே முதற்கண் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது என்பது கருதத்தக்கது.

நமது சட்டத்திலும் குறையில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 56ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து ஊர்தி முறைப்படி பதிவு பெற்றதாகவே கொள்ளப்படாது. புதிய ஊர்திக்கு இரண்டாண்டுக்குச் சான்று வழங்கப்படுகிறது. எட்டாண்டு அகவை வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படவேண்டும். 155 மீட்டர் முன்னே உள்ள மனிதரையும் ஊர்தியையும் தெளிவாகக் காட்டும் அளவுக்கு முகப்பு விளக்கு எரியவேண்டும் என்றும், பின்புறச் செவ்விளக்கு அதே 155 மீட்டரிலிருந்து புலப்படவேண்டும் என்றும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 105ஆம் விதி கூறுகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச்செய்யாதவாறு ஒளிக்கற்றை கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவேண்டும் என்று 106ஆம் விதி வரையறுக்கிறது. எதிரே வருபவரின் கண் எங்கே இருக்கும் என்பதைக்கூட முழக்கோல் கொண்டு அளந்து எழுதிய விதி அது. அத்துணை நுணுக்கமாக எழுதப்பட்ட ஒன்று நடைமுறையில் எத்துணை நுணுக்கமாகப் பின்பற்றப்படுகிறது என்பதே நமது வினா.

அவ்வினாவைக் கூனிமேட்டில் நின்று கேட்கிறோம். மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் அமைந்த ஊர் இது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கும்பினியார் கடலூருக்கு இடம்பெயருமுன் பண்டகசாலை அமைத்து வாணிகம் செய்த பழந்துறை. கிழக்கே கடல், வடக்கே மரக்காணத்து உப்பளங்களும் 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும். தையிலோ மாசியிலோ தொடங்கும் உப்பு விளைச்சல் பருவமழை வரும்வரை நீளும். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கவேண்டிய தொழிலாளர் இருள் பிரியுமுன்னரே நடந்தும் மிதிவண்டியிலும் புறப்படுகின்றனர். வலையும் கூடையுமாய் மீனவப் பெண்டிர் அதே வேளையில் சாலையைக் கடக்கின்றனர். அவர்களைக் கடந்து உப்பு லாரிகளும், மீன் ஏற்றிய சிறு சரக்கு வண்டிகளும், சென்னையிலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி செல்லும் மகிழுந்துகளும் விரைகின்றன.

இக்கரையின் காற்று விளக்கைத் தின்னும் காற்று. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐக் கடந்துவிட்டால், படிந்திருக்கும் உப்புத் துகள் அக்காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் அந்த ஈரப்பதம் அரிதன்று. மழை பெய்யாமலேயே விளக்குக் கூட்டின் உள்ளும், கம்பி முனைகளிலும், சட்டகத்தில் முடுக்கப்பட்ட 'எர்த்' இணைப்பிலும் உப்புநீர் ஊறிக் களிம்பும் துருவும் ஏறுகின்றன. துரு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. ஆலசன் விளக்கொன்றில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும் என்பது பலர் அறியாத செய்தி. விளக்கு எரிகிறது, ஆனால் 155 மீட்டருக்கு அது எட்டுவதில்லை. உப்பு லாரியின் பின்னே செல்பவர்கள், அதன் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது செவ்விளக்கு ஒளிர்வதற்கு மாறாகத் திரும்புகுறி மங்கலாக மினுக்குவதைக் கண்டிருப்பர். 'எர்த்' அரித்துப்போய் மின்னோட்டம் வேறு வழி தேடியதன் அடையாளம் அது. பின்னே வருபவருக்கோ, முன்னுள்ள வண்டி நிற்கப்போகிறதா திரும்பப்போகிறதா என்பது விளங்காது.

தருமபுரி மலைச்சாலையில் ஓடும் லாரிக்கும் மரக்காணத்து உப்பளத்தின் வரப்போரம் நாளெல்லாம் நிற்கும் லாரிக்கும் சட்டம் ஒரே கால இடைவெளியை விதித்திருக்கிறது. சித்திரையில் சான்று பெற்ற ஊர்தியின் பின்விளக்கு ஐப்பசியில் எந்நிலையில் இருக்கும் என்பதற்கு அச்சான்று சாட்சியாகாது. அந்த ஐப்பசியில்தான் பருவமழையும் நீண்ட இரவும் ஒருசேர வருகின்றன. காலமுறை ஆய்வு தேவையற்றது என்று நாம் கூறவில்லை. உப்புக்காற்று வீசும் இக்கரையில், விளக்கைப் பொறுத்தமட்டில், அது போதாது என்று கூறுகிறோம்.

ஆய்வின் தன்மையையும் கருதவேண்டும். தகுதிச் சான்றுக்காக 'எஃப்.சி. காட்டுவது' என்பது வழக்கில் வண்டியை ஒருநாள் கோலத்திற்கு அணியம் செய்வதாகவே பொருள்படுகிறது. அந்நாளில் புதிய விளக்குகளும் ஒளிதிருப்பும் பட்டைகளும் பொருத்தப்படுகின்றன. முகப்பில் ஏற்றிய மிகை விளக்குகள் கழற்றப்படுகின்றன. சான்று கைக்கு வந்தபின் அவை மீண்டும் ஏறுகின்றன. 2012இல் சென்னையை அடுத்த முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே சிறுமி ஒருத்தி விழுந்து உயிர்நீத்தபோது, அப்பேருந்து அண்மையில்தான் தகுதிச் சான்று பெற்றிருந்தது என்னும் செய்தி தமிழகத்தின் நெஞ்சை உலுக்கியது. அதன்பின் அவ்வாண்டிலேயே பள்ளி ஊர்திகளுக்கெனச் சிறப்பு விதிகள் இயற்றப்பட்டன. கோடை விடுமுறை முடியுமுன் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் நிறுத்தி ஆய்வதும் மாவட்டந்தோறும் வழக்கமாயிற்று. காலமுறை ஆய்வு போதாத இடத்தில் பருவத்தை ஒட்டிய தனி ஆய்வை ஏற்படுத்த அரசால் இயலும் என்பதற்கு இதுவே முன்மாதிரி. ஒரு குழந்தையின் உயிரைக் கொடுத்துப் பெற்ற அம்முன்மாதிரியைப் பிற துறைகளுக்கு விரிக்க, மற்றோர் உயிர் போகும்வரை காத்திருத்தல் ஆகாது.

ஆய்வாளர்களைக் குறைகூறி அமைவதும் அறமன்று. பட்டப்பகலில், வெட்டவெளியில், வரிசையாய் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, ஒளிக்கற்றை எங்கே விழுகிறது என்பதை வெறுங்கண்ணால் அறிய எவராலும் இயலாது. எரிகிறதா என்பதைக் காணலாம். எங்கே எரிகிறது என்பதைக் கருவியே காட்டவேண்டும். கற்றை ஒரு பாகை மேல்நோக்கித் திரும்பினாலும் நூறு மீட்டரில் ஏறத்தாழ 1.75 மீட்டர் உயர்ந்துவிடும். நிற்கும் மனிதனின் கண்மட்டத்தை எட்ட அது போதும். பின்புறம் பாரம் ஏற்றிய வண்டி பின்னே தாழ்ந்து முன்னே நிமிர்வதால், பகலில் வெறுமையாய் ஆய்வுக்கு வந்த லாரி இரவில் உப்பேற்றிச் செல்லும்போது எதிரே வருபவரைக் குருடாக்கக்கூடும். இக்குறையை நீக்கவே தானியங்கி ஆய்வு நிலையங்களுக்கான விதிகள் 2021இல் வகுக்கப்பட்டன. கனரக ஊர்திகளுக்கு 2023 ஏப்ரல் என்று முதலிற் குறிக்கப்பட்ட நாள், நிலையங்கள் போதாமையால் 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. ஒரே ஒரு சரக்கு வண்டியை வைத்துப் பிழைக்கும் கூனிமேட்டுக் குடும்பத்தலைவர், ஒருநாள் வருவாயை இழந்து தொலைதூர நிலையத்தின் வாயிலில் காத்திருக்கும் நிலை வருமானால், அவர் இடைத்தரகரை நாடுவார். கருவி வந்தும் பயனின்றிப் போகும்.

சட்டத்தின் பெரும் இடைவெளி வேறோரிடத்தில் உள்ளது. காலந்தோறும் ஆய்வு என்பது போக்குவரத்து ஊர்திகளுக்கே உரியது. சொந்தப் பயன்பாட்டு மகிழுந்தும் இருசக்கர ஊர்தியும் பதிவு பெற்ற நாளிலிருந்து பதினைந்தாண்டுகள் எத்தகுதி ஆய்வுக்கும் உட்படுவதில்லை. வார இறுதி இரவுகளில் இச்சாலையை வெண்ணொளியால் நிறைத்துச் செல்பவற்றுள் பெரும்பகுதி இவ்வகையினவே. ஆலசன் விளக்குக்கென வடிவமைத்த கூட்டில் கடைத்தெருவில் வாங்கிய எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் ஒளி சிதறிக் கண்ணைத் தாக்கும். 'டிம்' செய்யும் பழக்கமோ அருகி வருகிறது. எண்பது கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கூசிய கண் மீளச் சில நொடிகள் ஆகும். அதற்குள் நூறு மீட்டர்ச் சாலை பார்வையின்றியே கடந்துபோகும். அந்த நூறு மீட்டருக்குள் ஓரமாய் மிதிவண்டியில் செல்லும் உப்பளத் தொழிலாளி இருக்கக்கூடும். மகிழுந்தின் உரிமையாளர் அவரைக் கண்டிருக்கவே மாட்டார். எளியவரின் சரக்கு வண்டியைக் காலந்தோறும் வரிசையில் நிறுத்தும் சட்டம், வசதியுள்ளவரின் மகிழுந்தைப் பதினைந்தாண்டுகள் நம்பிக்கையின்பேரில் விட்டுவைப்பதை நாம் நேர்மை என்று ஏற்கவியலாது.

இவற்றைச் சிறு குறைகள் என்று ஒதுக்குவோர், 2022இல் மட்டும் தமிழகச் சாலைகளில் 17,884 பேர் மாண்டதை நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களுள் எத்தனை பேர் விளக்கின்மையால் மாண்டனர் என்பதை விபத்துப் பதிவேடு தெளிவாகச் சொல்லுமாறு இருந்தால், இத்தலையங்கத்தின் தேவை குறைந்திருக்கும். கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்து தம்மிடம் வருவோரைக் கண்டு ஆற்றாது, 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதன் விளைவாக 2014இல் நீதியரசர் கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அறுவை அரங்கில் நின்ற ஒருவர் நாட்டின் சாலைகளுக்காக வழக்குரைக்க நேர்ந்தது, கண்காணிக்கவேண்டியோர் தம் கடமையில் தவறியதையே காட்டுகிறது.

மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாயில் நான்குவழியாக்க நடுவணமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்துள்ளது. சாலை அகலும், விரைவும் கூடும், கடப்பவர் கடக்கவேண்டிய தொலைவும் கூடும். அத்துணைப் பொருட்செலவில் சாலை அமைக்கும் அரசுக்கு, அதன்மேல் ஓடும் வண்டிகளின் விளக்கைப் பார்க்கும் செலவு பெரிதாகாது. விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு, உப்பு விளைச்சல் முடிந்து மழை தொடங்குமுன் வரும் புரட்டாசியில், மரக்காணத்திலும் கூனிமேட்டிலும் விளக்காய்வு முகாம்களை நடத்தவேண்டும். கற்றையை அளக்கும் கருவியுடன் ஆய்வாளர் ஊருக்கு வரவேண்டும். அளந்த எண்கள் சான்றிலேயே பொறிக்கப்படவேண்டும். முதன்முறை குறை காணப்படும் வண்டிக்கு 177ஆம் பிரிவின்கீழ் ஐந்நூறு ரூபாய்த் தண்டம் விதிப்பதினும், ஏழு நாள் தவணை தந்து மீண்டும் காட்டச் சொல்வதே பயன்தரும். துருவேறிய இணைப்பைத் தேய்த்து முடுக்க ஆகும் செலவு அத்தண்டத்திலும் குறைவு. சொந்தப் பயன்பாட்டு மகிழுந்துகளுக்கும் இதே அளவுகோல் பொருந்துமாறு, அனுமந்தைச் சுங்கச்சாவடியை ஒட்டி வார இறுதி இரவுகளில் போக்குவரத்துக் காவலர் கருவியுடன் நிற்கவேண்டும். இவற்றுள் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. இவ்வாண்டுப் புரட்டாசிக்கு முன் அதற்கான ஆணை விழுப்புரத்திலிருந்து வரவேண்டும் என்று கேட்கிறோம்.