டவராவில் ஒரு கார பை!

பை என்றதும் கையில் தூக்கும் பை என்று நினைத்துவிடாதீர்கள். இது சாப்பிடுகிற பை. கிண்ணத்தில் குருமா மாதிரி ஒரு மசாலாவை நிரப்பி, மேலே மைதா மாவை மூடியாகப் போட்டு ஓவனில் வேகவைப்பது. ஆளுக்கு ஒரு கிண்ணம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டையை வைத்திருந்தார்கள். இன்றும் செஞ்சிக்காரர்களுக்குப் பாண்டிச்சேரி சுமார் 65 கிலோமீட்டர்தான். போய்வருகிறவர்கள் பேக்கரி பஃப்ஸ் வாங்கிவருவது உண்டு. அதே மொறுமொறுப்பை வீட்டிலேயே கொண்டுவரலாம். ஆனால் பலர் கேட்பது, "இதற்கென்று தனிப் பாத்திரம் வாங்கணுமா?"

வேண்டாம். காபி டவரா போதும். அதன் வெளியே மடிந்த விளிம்பு, மாவு மூடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் என்பதால் சூட்டில் உடையாது.

மண் கிண்ணத்தில் செய்தால் சூடு நெடுநேரம் நிற்கும். வண்ணம் பூசாத, சமையலுக்கென்றே விற்பதை வாங்குங்கள். அலங்காரத்துக்காகப் பளபளப்புப் பூசியவற்றில் ஈயம் இருக்கலாம். அது உணவில் இறங்கினால் குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. மண் கிண்ணத்தை முந்தின நாளே தண்ணீரில் ஊறவையுங்கள். சூடான ஓவனில் சட்டென்று வைத்தால் விரிசல் விடும். ஓவன் ஆறியிருக்கும்போதே வைத்து, பிறகு சூடேற்றுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும்.

பீங்கான், கண்ணாடி என்றால் ஓவனுக்கு ஏற்றது என்று அடியில் குறிப்பு இருக்கவேண்டும். மெலமைன் கூடவே கூடாது. தக்காளி, புளி சேர்த்தால் அலுமினியத்தைத் தவிருங்கள்.

நான்கு டவராவுக்கு

மைதா 1 கப், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், உப்பு அரை டீஸ்பூன். விரல் நுனியால் உதிரியாகப் பிசறி, ஐஸ் தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன் விட்டுத் திரட்டுங்கள். அழுத்திப் பிசையக் கூடாது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

2 டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு வதக்கி, மைதா 2 டேபிள்ஸ்பூன் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். பால் 1 கப் சிறிது சிறிதாக ஊற்றினால் கெட்டியாகும். வேகவைத்த காய்கறி 2 கப், செஞ்சிப் பக்கம் விளையும் வேர்க்கடலையை வேகவைத்து ஒரு கைப்பிடி, மிளகுத்தூள், உப்பு சேருங்கள். அசைவம் என்றால் காய்கறியில் பாதியைக் குறைத்து, வேகவைத்த கோழியைச் சேர்க்கலாம்.

முக்கியம்: மசாலா நன்றாக ஆறவேண்டும். சூடாக இருந்தால் வெண்ணெய் உருகி மூடி தொளதொளத்துவிடும். டவராவில் ஒரு விரல் இடம் விட்டு நிரப்பி, விளிம்பைவிட அரை அங்குலம் பெரிதாகத் தேய்த்த மாவால் மூடி, ஓரத்தை அழுத்துங்கள். நடுவில் ஆவி போக இரண்டு கீறல். மேலே பால் தடவி, சூடேறிய ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம்.

ஓவன் இல்லையா? அடிகனமான பாத்திரத்துக்குள் ஸ்டாண்டு வைத்து, மூடி, சிறு தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள். டவராவை உள்ளே வைத்து 40 நிமிடம் விடுங்கள். மேல்புறம் அவ்வளவு சிவக்காது, ருசி குறையாது. குக்கரைத் தண்ணீர் இல்லாமல் சூடேற்றாதீர்கள்.

தனித்தனிக் கிண்ணத்தின் பெரிய லாபம் இதுதான்: ரத்தக்கொதிப்பு உள்ள தாத்தாவுக்கு உப்பு குறைவாக, பேத்திக்குக் காரம் குறைவாக, மருமகனுக்குக் கோழியோடு என்று ஒரே அடுப்பில் செய்துவிடலாம். மாவுத் துண்டில் அவரவர் பெயரின் முதல் எழுத்தைச் செய்து மூடியில் ஒட்டுங்கள். டவரா மாறாது.