வாடிக்கையாளர் காசில் போட்ட ஓட்டு

பிளாக்செயின் என்றதும் பிட்காயின் விலையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று பயந்துவிடாதீர்கள். அதில் எனக்கு ஆர்வமும் இல்லை, கையில் ஒரு நாணயமும் இல்லை. நான் சொல்ல வந்தது 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஸ்டீம் என்ற இணையச் சமூகத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி. கொரோனா செய்திகளுக்கு நடுவே நம்மில் பலர் கவனிக்காமல் விட்ட சண்டை. கவனித்தவர்களும் பெரும்பாலும் ஜஸ்டின் சன் என்ற பணக்காரரைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கென்னவோ பெரிய தப்பைச் செய்தவர்கள் வேறு ஆட்கள் என்று படுகிறது.

ஸ்டீம் 2016-ல் தொடங்கியது. நெட் ஸ்காட், டான் லாரிமர் என்ற இருவர் தொடங்கினார்கள். அவர்களுடைய கம்பெனியின் பெயர் ஸ்டீமிட். நீங்கள் ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள், படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்று ஓட்டுப் போடுகிறார்கள், அதற்கேற்ப உங்கள் கணக்கில் ஸ்டீம் நாணயம் விழுகிறது. எழுதியதும் கணக்கு வழக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டும் கிடப்பதில்லை. பலருடைய கம்ப்யூட்டர்களில் ஒரே பேரேடாக இருக்கும். அதனால் இது யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று அங்கே எழுதியவர்கள் நம்பினார்கள்.

அந்தப் பேரேட்டை எழுதுகிறவர்களுக்கு 'சாட்சிகள்' என்று பெயர். முன்வரிசையில் 20 பேர். 3 வினாடிக்கு ஒரு பக்கம் வீதம் இவர்கள் முறைவைத்து எழுதுவார்கள். அடிப்படை விதியை மாற்ற வேண்டுமானால் இவர்களில் 17 பேர் சம்மதிக்க வேண்டும். இவர்களைத் தேர்ந்தெடுப்பது நாணயம் வைத்திருப்பவர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு கிடையாது, பூட்டி வைத்த நாணயத்தின் அளவுக்குத் தக்க ஓட்டு. பூட்டிய நாணயத்தை அப்போது நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது, 13 வாரத் தவணையில்தான் திரும்பி வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு கணக்குக்காரர் 30 சாட்சிகளுக்கு ஓட்டுப் போடலாம். அந்த 30 பேருக்கும் அவருடைய மொத்த நாணயத்தின் எடையும் முழுசாகப் போய்ச் சேரும், பங்கு பிரியாது. அதாவது ஒருவரிடம் மற்ற எல்லோரையும் விடக் கொஞ்சம் கூடுதலாக நாணயம் இருந்தால், இரண்டு மூன்று இடமல்ல, 20 இடமும் அவருக்கே. கம்பெனிகளின் பொதுக்கூட்டத்தில் 51 சதவீதக்காரர் எல்லா இயக்குநர்களையும் தன் ஆட்களாகவே போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதை ஜனநாயகம் என்று எப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களோ!

ஓட்டெடையின் பெரிய மூட்டை யாரிடம் இருந்தது? ஸ்டீமிட் கம்பெனியிடம். தொடக்க நாட்களிலேயே, வெளியார் உள்ளே வரும் முன்பே, கம்பெனி தனக்கென்று ஏராளமான நாணயத்தை எடுத்து வைத்துக்கொண்டது. 2020-லும் மொத்த நாணயத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் கையில்தான். 'இதை வளர்ச்சிப் பணிக்கு மட்டுமே பயன்படுத்துவோம், சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க இதை வைத்து ஓட்டுப் போட மாட்டோம்' என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்கு வாயோடு நின்றது. நிரலில் எழுதப்படவில்லை. எல்லாவற்றையும் நிரலில் எழுதிவிட்டால் மனிதரை நம்ப வேண்டாம் என்பதுதானே இந்தத் தொழில்நுட்பத்தின் பெருமை? மிக முக்கியமான ஒன்றை மட்டும் மனிதரை நம்பி விட்டுவிட்டார்கள்.

லாரிமர் 2017-லேயே விலகிவிட்டார். 2018 நவம்பரில் கம்பெனி தன் ஊழியர்களில் 70 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரி 14 அன்று ஸ்டீமிட்டும் ட்ரானும் கைகோத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. நடந்தது விற்பனை. வாங்கியவர் ட்ரானின் நிறுவனர் ஜஸ்டின் சன். வாரன் பஃபெட்டோடு ஒரு வேளை சாப்பிட 45 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் கேட்டாரே, அவரேதான். ஸ்டீமைத் தன் ட்ரானோடு சேர்த்துவிடுவாரோ என்ற பயம் பரவியது. பத்து நாளுக்குள் சாட்சிகள் கூடிப் பேசி, அந்தப் பெரிய மூட்டை ஓட்டுப் போடவும் நகரவும் முடியாதபடி முடக்கிவிட்டார்கள்.

இதில் நான் சாட்சிகளின் கட்சி இல்லை. காசு கொடுத்து வாங்கியவரின் சொத்தை, அவர் இன்னும் எதுவும் செய்யாத நிலையில், 'செய்துவிடுவார்' என்ற சந்தேகத்தில் முடக்கினார்கள். விற்றவர் கொடுத்த வாக்கு வாங்கியவரைக் கட்டுப்படுத்துமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வழக்காளியே நீதிபதியாக உட்கார்ந்து அதற்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மார்ச் 2 அன்று நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று நாணயச் சந்தைகள், தங்களிடம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஸ்டீம் நாணயங்களை எடுத்துப் பூட்டி, அந்த எடையோடு ஜஸ்டின் சன் நிறுத்திய ஆட்களுக்கு ஓட்டுப் போட்டன. 20 சாட்சிகளும் ஒரே நாளில் வெளியே. புதிய 20 பேர் உள்ளே. முடக்கம் நீங்கியது.

'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பார்கள் நம் ஊரில். இங்கே நெய் வாடிக்கையாளருடையது, கை சந்தைகளுடையது.

வங்கியில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். நம் நாட்டில் பங்குகள் டீமேட் கணக்குக்கு மாறியபோது, சட்டப்படி பதிவேட்டில் உரிமையாளராக இருப்பது டெபாசிட்டரிதான். ஆனால் 1996-ஆம் வருட டெபாசிட்டரிகள் சட்டம், அந்தப் பங்குகளை வைத்து டெபாசிட்டரிக்கு ஓட்டுரிமை கிடையாது, அது உண்மையான முதலீட்டாளருக்கே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுத்தவர் பொருளைப் பாதுகாப்பில் வைத்திருப்பவருக்கு இருக்க வேண்டிய முதல் ஒழுக்கம் அது. ஸ்டீம் விவகாரத்தில் ஓட்டை மட்டுமா எடுத்துக்கொண்டார்கள்? பூட்டியதால், 13 வாரத் தவணைக்குள் அந்த நாணயங்களையே சிக்க வைத்தார்கள். நாளைக்கு வந்து என் நாணயத்தைக் கொடு என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

போலோனியெக்ஸை விடுங்கள், அதில் முதலீடு செய்தவர்களில் ஜஸ்டின் சன்னும் ஒருவர். மற்ற இரண்டும் எதிர்ப்பு கிளம்பியதும் ஓட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பைனான்ஸின் தலைவர் சாங்பெங் ஜாவோ, இது வழக்கமான மென்பொருள் மேம்படுத்தல் என்று நினைத்து ஒப்புக்கொண்டோம் என்ற பாணியில் விளக்கம் சொன்னார். எந்த மேம்படுத்தலுக்கு வாடிக்கையாளர் காசைப் பூட்டி ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது? அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜஸ்டின் சன்னாவது தன் சொத்துக்காகச் சண்டை போட்டார். சந்தைகளுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த கணக்குகளையெல்லாம் எழுப்பி ஓட்டுப் போட வைத்துச் சில இடங்களை மீட்டார்கள். 17 பேர் சம்மதம் இரண்டு பக்கத்துக்கும் கிடைக்காமல் முட்டுக்கட்டை விழுந்தது. பிறகு அவர்கள் செய்ததைத்தான் நான் மெச்சுகிறேன். பேரேட்டை அப்படியே நகலெடுத்து, மார்ச் 20 அன்று ஹைவ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். பழைய பதிவுகள், பின்தொடர்பவர்கள், இருப்பு எல்லாம் புதிய வீட்டிலும் இருந்தன. ஸ்டீமிட்டின் மூட்டைக்கு மட்டும் ஹைவ் நாணயம் கொடுக்கவில்லை. ஜஸ்டின் சன் பக்கம் ஓட்டுப் போட்ட சில கணக்குகளையும் விட்டுவிட்டார்கள்.

அதுவும் திருட்டுதானே என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வாங்கிய ஸ்டீம் நாணயத்தில் ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. ஸ்டீமிட் கம்பெனி அவருடையது, இணையதளம் அவருடையது, சங்கிலியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாங்கியது கடையை. வாடிக்கையாகக் கூடியவர்களை எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க முடியாது. ஆனால் எதிர் ஓட்டுப் போட்ட சாதாரணக் கணக்குகளையும் விலக்கியது கோபத்தில் செய்த காரியம். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

பிரிந்து போவதற்கும் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்டீம்காரர்களே இரண்டு மாதத்தில் காட்டினார்கள். மே 20 அன்று விதியை மாற்றி, ஹைவ் பக்கம் நின்றவர்களுடைய 64 கணக்குகளிலிருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமை எடுத்தார்கள். அன்றைய மதிப்பு சுமார் 50 லட்சம் டாலர். அது போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து யாரோ ஒருவர் உடனே மொத்தத்தையும் பிட்ரெக்ஸ் என்ற சந்தைக்கு அனுப்பி, இது திருடப்பட்ட பணம், உரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று குறிப்பும் எழுதினார். சினிமாவில் வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

ஹைவ் அந்த வருடம் அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பூட்டிய நாணயத்துக்குச் சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு 30 நாள் கழித்துத்தான் கிடைக்கும். சந்தைகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கவிழ்க்க முடியாதபடி போட்ட தாழ்ப்பாள், நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே மூட்டையின் எடை 30 பேருக்கும் முழுசாகப் போகும் அந்தப் பழைய முறையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு பட்ட பிறகும் அதை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.